கடலில் மீன் தீருமா? மீன் கடையோரம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா தேக்கா மார்க்கெட்டில் 31 வருடம் மீன் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் ஐஸ் அள்ளிப் போடுவதும், கெம்போங் மீன்களைத் தலை ஒரே பக்கம் பார்க்க அடுக்குவதும் என் வேலை. அந்தப் பாசத்தில் இன்றும் மீனைப் பற்றிப் பேச யார் கூப்பிட்டாலும் போய்விடுவேன். வசிப்போர் குழு, கோயில் மகளிர் குழு, பிள்ளைகளின் பள்ளி என்று எங்கே போனாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பதில்களோடு இங்கே தருகிறேன்.

"கடல் எவ்வளவு பெரிசு! அதுல போய் மீன் தீந்துபோகுமா?"

கடல் பெரிதுதான். ஆனால் கடல் முழுக்க மீன் ஒரே மாதிரி பரவிக் கிடப்பதில்லை. நாம் குழம்பு வைக்கும் மீன்களில் பெரும்பாலானவை கரையை ஒட்டிய, ஆழம் குறைந்த பகுதியில் வாழ்கின்றன. ஆறுகள் சத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது அங்கேதான். வெயில் இறங்கி நுண்பாசி செழிப்பதும் அங்கேதான். நடுக்கடலின் பெரும்பரப்பு மீன்களுக்குப் பாலைவனம் மாதிரி. ஆக, உலகத்துப் படகுகள் எல்லாம் அந்தக் குறுகிய ஓரத்திலேதான் முண்டியடிக்கின்றன.

ஐநாவின் உணவு வேளாண் நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் வாழும் ஓர் இன மீன் கூட்டத்தை ஓர் இருப்பு என்று வைத்து, அது தாங்குமா தாங்காதா என்று பார்க்கிறார்கள். 1974இல் நூற்றுக்குப் பத்து இருப்புகள் தாங்காத அளவுக்குப் பிடிக்கப்பட்டன. 2021இல் அது 37.7 விழுக்காடு. படகுகள் பெரிதாகி, மீன் கூட்டத்தைத் திரையில் காட்டும் கருவிகள் எல்லாம் வந்த பிறகும், கடலில் பிடிபடும் மொத்த மீன் 1980களின் கடைசியிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி டன்னிலேயே நிற்கிறது. வலை பெரிதாகியும் மீன் கூடவில்லை.

"எத்தனை மீன் பிடிச்சா அது அளவுக்கு மீறினதுன்னு சொல்வீங்க?"

எங்கள் புளோக்கில் நான்காவது மாடித் தாழ்வாரத்தில் ஒரு பாட்டி கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு கொத்து கிள்ளிக்கொள்ளலாம், பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டார். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் செடிதானே. ஒரு வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் பத்து வீடுகளில் ஒரே நேரத்தில் சமையல் நடந்தது. வெள்ளிக்கிழமை பார்த்தால் தொட்டியில் வெறும் குச்சி. அதன் பிறகு மூன்று மாதம் யாருக்கும் இலை இல்லை. செடி பிழைத்ததும் பாட்டி ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: 'ஒரு வீட்டுக்கு ஒரு கொத்து'.

மீனுக்கும் இதே கணக்குதான். ஒரு வருடத்தில் பிறந்து வளரும் அளவுக்குள் பிடித்தால் அது கிள்ளுவது. அதைத் தாண்டினால் மொட்டையடிப்பது. மீன்வளத் துறைகள் வைக்கும் பிடிப்பு வரம்பு, தடைக்காலம், வலைக்கண் அளவு எல்லாமே பாட்டி எழுதிய அட்டையின் பெரிய வடிவங்கள். இந்தச் செடியைக் கீழே பல இடங்களில் திரும்பத் தொடுவேன்.

"ஒரு மீனு லட்சக்கணக்குல முட்டை போடுதே, அப்புறம் என்ன பஞ்சம்?"

லட்சம் முட்டை போடுவதற்குக் காரணமே, அதில் பிழைப்பது மிகச் சில என்பதுதான். முட்டையையும் குஞ்சையும் மற்ற மீன்கள் தின்றுவிடும், நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும். தப்பிப் பிழைத்து முட்டையிடும் வயதுக்கு வரும் மீன்தான் கடலின் விதைநெல்.

அதிலும் பெரிய தாய் மீனுக்குத் தனி மதிப்பு. உடல் இரண்டு மடங்கானால் முட்டை இரண்டு மடங்கோடு நிற்காது, பல மடங்காகும். களவா மீனில் இன்னொரு விசேஷம் உண்டு. நம் ஊரில் கெராப்பு என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். பல களவா இனங்கள் பெண்ணாகவே வளர்ந்து, பெரிதான பிறகு சில மட்டும் ஆணாக மாறும். பெரியதாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தால் மாப்பிள்ளையே மிஞ்ச மாட்டார். கொடுவா, அதாவது சியாக்காப், நேர் எதிர். முதலில் ஆண், வயதான பிறகு பெண். அங்கே பெரிய மீனை எல்லாம் எடுத்துவிட்டால் முட்டையிட ஆள் இருக்காது. இதைச் சொல்லும்போது கூட்டத்தில் எப்போதும் சிரிப்பு எழும், சிரிப்பு அடங்கியதும் உண்மையான கேள்விகள் தொடங்கும்.

"நம்ம சிங்கப்பூர்ல மீன்பிடிப்பே கிடையாது. நமக்கு ஏன் இந்தக் கவலை?"

நாம் சாப்பிடும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மீனில் பெரும்பகுதி மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் எனப் பக்கத்துக் கடல்களிலிருந்து வருவது. பிடிக்கிற படகு நம்முடையதாக இல்லாவிட்டாலும் சட்டி நம்முடையது. 2021 ஜூலையில் கொவிட் தொற்றால் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தை இரண்டு வாரம் மூடினார்களே, மார்க்கெட்டில் மீன் கடைகள் வெறிச்சோடியது நினைவிருக்கும். நாம் எவ்வளவு தூரம் பிறர் கடலை நம்பி இருக்கிறோம் என்பதை அன்றைக்கு எல்லாரும் நேரில் பார்த்தோம்.

அந்தப் பக்கத்துக் கடல்களின் நிலை நன்றாக இல்லை. தாய்லாந்து வளைகுடாவில் 1960களின் தொடக்கத்தில் இழுவலை வந்தது. கடல் தரையை ஒட்டி இழுத்துக்கொண்டே போகும் பை போன்ற வலை அது. அப்போது ஒரு மணி நேரம் இழுத்தால் ஏறத்தாழ 300 கிலோ கிடைத்தது. 1990களில் அதே ஒரு மணி நேரத்துக்கு 30 கிலோ கிடைப்பதே அரிதானது. ஒரே தலைமுறைக்குள் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

"அப்போ வாவல் மீன் இந்த விலை விக்கிறது இதனாலதானா?"

ஓரளவுக்கு. சீனப் புத்தாண்டுக்கு முன்னால் வாவல் விலை ஏறுவது தேவை கூடுவதால். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை அடிக்கும்போது படகுகள் கடலுக்குப் போவது குறையும், அதுவும் விலையில் தெரியும். எரிபொருள் விலை, நாணய மதிப்பு எல்லாம் சேரும். ஆனால் மழை நின்றால் இறங்கும் விலை வேறு, வருடா வருடம் ஏறிக்கொண்டே போய் இறங்க மறுக்கும் விலை வேறு. இரண்டாவதில்தான் மீன் குறைந்துபோனதன் பங்கு இருக்கிறது.

"அக்கா, நேரா சொல்லுங்க. மீனையே விட்டுடணுமா?"

வேண்டவே வேண்டாம். நானும் விடவில்லை, விடவும் மாட்டேன். மீன் நல்ல சாப்பாடு, கோடிக்கணக்கான மீனவக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. எந்த மீன், எந்த அளவு, எப்படிப் பிடித்தது என்ற மூன்றையும் பார்த்து வாங்கினால் போதும்.

"சரி, எதை வாங்கலாம், எதை விடணும்?"

சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டையிடும் மீன்கள் பொதுவாகத் தாங்கும். நெத்திலி, சாளை, கானாங்கெளுத்தி, கணவாய் எல்லாம் இந்த வகை. தாங்கும் என்றால் எவ்வளவு பிடித்தாலும் தாங்கும் என்று அர்த்தமில்லை, அதைக் கீழே நெத்திலிக் கேள்வியில் சொல்கிறேன். டின்னில் வரும் சூரை பெரும்பாலும் வரிச்சூரை. அதுவும் வேகமாகப் பெருகுவது. தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்தது என்று டின்னில் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

மெதுவாக வளரும் மீன்களில் கை வைக்கும்போது யோசிக்க வேண்டும். சுறா, திருக்கை, பெரிய களவா, பவளப்பாறை மீன்கள் எல்லாம் அப்படி. களவா முட்டையிடும் காலத்தில் ஒரே இடத்தில் கூட்டமாகக் கூடும். அந்த இடமும் நாளும் தெரிந்துவிட்டால் ஒரு சில இரவுகளில் மொத்தக் கூட்டத்தையும் அள்ளிவிடலாம். உணவகத்துக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு நீந்தும் பாறை மீனைப் பார்த்தால் எனக்கு மனசு கனக்கும். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் பக்கம் சயனைடு நஞ்சைப் பாறையில் பீய்ச்சி, மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல காலமாக உண்டு. அந்த நஞ்சில் பவளமும் சாகும்.

உலக இயற்கை நிதியத்தின் சிங்கப்பூர் கிளை ஒரு கடலுணவுக் கையேடு வைத்திருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்திருப்பார்கள். கைப்பேசியில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போங்கள். மலாய்ப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று என்று குழம்பினால் கடைக்காரரிடமே கேளுங்கள். தெங்கிரி என்று எழுதியிருப்பது நம் வஞ்சிரம், பாவால் என்பது வாவல், கெம்போங் என்பது கானாங்கெளுத்தி.

"பேரங்காடியில மீன் பொட்டலத்துல நீல முத்திரை போட்டிருக்கே, அதை நம்பலாமா?"

மீன் சின்னத்தோடு இருக்கும் நீல முத்திரை எம்எஸ்சி அமைப்புடையது. கடலில் பிடித்த மீனுக்கு, கடல் தாங்கும் விதத்தில் பிடித்தார்களா என்று மூன்றாம் தரப்பு ஆய்வு நடந்த பிறகு கொடுப்பது. வளர்ப்பு மீனுக்கு ஏஎஸ்சி என்று வேறு முத்திரை உண்டு. குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் ஒன்றுமே போடாத பொட்டலத்தைவிட மேல் என்பது என் கருத்து. சின்னப் படகுக்காரர்களால் ஆய்வுச் செலவைத் தாங்க முடியாது, அதனால் முத்திரை இல்லாத மீனெல்லாம் தப்பான மீன் என்று எண்ணிவிடாதீர்கள்.

"நெத்திலி குஞ்சு மீன்தானே? கை நிறைய அள்ளித் திங்கிறோமே, அது பாவமில்லையா?"

நெத்திலி குஞ்சு இல்லை. அது வளர்ந்தாலே அவ்வளவுதான் இருக்கும். நாசி லெமாக்கில் நீங்கள் கடிக்கும் இக்கான் பிலிஸில் பல, சில மாதத்திலேயே முட்டையிட்டு முடித்த பெரிய மனிதர்கள். பெரிதாக வளர வேண்டிய மீனைக் குஞ்சிலேயே பிடிப்பதுதான் தப்பு. கெம்போங் வாங்கும்போது என் அம்மா சொல்லிக்கொடுத்த அளவு ஒன்று உண்டு. மீன் பக்கத்தில் கையை வையுங்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை மீன் இருந்தால் வாங்கலாம். உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிட்டால் அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத பிள்ளை, விட்டுவிடுங்கள். கேரளத்தில் 2015 முதல் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்கும் சாளை 10 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது.

அந்தச் சட்டம் எவ்வளவு அவசியம் என்பதைச் சாளையே காட்டியது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை கரைக்கு வந்தது. 2021இல் 3,500 டன்னுக்கும் கீழே போய்விட்டது. கடல் சூடாவதும் பருவம் மாறுவதும் பெரிய காரணங்கள், குஞ்சு மீனை அள்ளியது அதோடு சேர்ந்துகொண்டது. வேகமாகப் பெருகும் மீன் என்பதால் அடுத்த சில ஆண்டுகளில் மறுபடி தலை தூக்கியது. மெதுவாக வளரும் மீனாக இருந்திருந்தால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும்.

"சினை மீனுதான் ருசி. அதைச் சாப்பிட்டா எத்தனை ஆயிரம் மீனைத் தின்ன மாதிரி?"

மேலே சொன்னபடி, அந்த ஆயிரத்தில் பெரும்பாலானவை எப்படியும் பிழைக்காது. ஒரு சினை மீனுக்காக மனசு உடைய வேண்டாம். ஆனால் ஒரு கடைத்தட்டு முழுவதும் சினை மீனாக இருந்தால் அது ஒரு சேதி. முட்டையிட மீன்கள் வந்து சேரும் இடத்திலேயே யாரோ வலை போட்டிருக்கிறார்கள். அந்த வாரம் வேறு மீன் வாங்குங்கள். கறிவேப்பிலைச் செடி துளிர் விடும் வாரத்தில் கிள்ளாமல் விடுவது மாதிரி.

"மீன் தலைக் கறியையும் விடச் சொல்வீங்களோ?"

அதை விடச் சொன்னால் என்னை வீட்டுக்குள் விட மாட்டார்கள்! மீன் தலைக் கறி இந்த மண்ணிலேயே பிறந்த சாப்பாடு. கேரளத்துக்காரர் எம். ஜே. கோமஸ் 1949 வாக்கில் தன் கடையில் தொடங்கினார் என்று சொல்வார்கள். தூக்கி எறியும் தலையைப் பெரிய விருந்தாக மாற்றியது பெரிய காரியம். தலை, முள், சினை, வால் என்று ஒரு மீனை முழுதாகச் சாப்பிடுபவர்கள் குறைவான மீனிலேயே வயிறு நிறைவார்கள். நம் பாட்டிமார் முள்ளைக்கூட ரசத்தில் போட்டார்கள்.

தலைக்காகக் கேட்கும் இக்கான் மேரா மட்டும் கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டிய மீன். அந்தச் சிவப்பு மீன் பல ஆண்டு வாழ்வது, மெதுவாகப் பெருகுவது. எங்கள் வீட்டில் இப்போது வளர்ப்புக் கொடுவாத் தலைதான். புளியும் வெண்டைக்காயும் போட்டுக் கொதித்த பிறகு, கேட்காமல் யாரும் வித்தியாசம் சொன்னதில்லை.

"பிள்ளை பெத்த பொண்ணுக்குப் பால்சுறா கொடுக்கணுமே, அதுக்கு என்ன பண்றது?"

இந்தக் கேள்வியை அம்மாக்களும் மாமியார்களும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அக்கறையால் வரும் கேள்வி இது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். சுறா மற்ற மீன் போல் லட்சம் முட்டை போடாது. பால்சுறா ஒரு தடவைக்குச் சில குட்டிகள்தான் ஈனும். பெரிய சுறா இனங்கள் பல, குட்டி போடும் வயதுக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். துடுப்புக்காக உலகம் முழுக்க அவற்றை வேட்டையாடினார்கள், அந்தத் துடுப்பு வியாபாரத்தில் சிங்கப்பூர் பெரிய சந்தைகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. ஃபேர்பிரைஸ் கடைகள் 2012இல் துடுப்பு விற்பதை நிறுத்தின. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டில் 2022இல் இன்னும் பல சுறா இனங்களைச் சேர்த்தார்கள்.

தாய்க்கும் ஒரு காரணம் இருக்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, பாதரசம் மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். சுறா அந்தச் சங்கிலியின் உச்சியில் இருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் அல்லது மிகக் குறைக்க வேண்டும் என்று பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. பால் சுரக்க வேண்டியது வயிறு நிறையச் சத்தான சாப்பாடும், பிள்ளைக்கு அடிக்கடி பால் கொடுப்பதும். என் மகள் பிள்ளை பெற்றபோது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும், உரித்த பூண்டும், முருங்கைக்கீரையும் கொடுத்தேன். புட்டு ஆசைக்குச் சூரையை வேகவைத்து உதிர்த்து அதே மசாலாவில் செய்யலாம். இஞ்சி கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள்.

"வளர்ப்பு மீன் வாங்கினா எல்லாப் பிரச்சினையும் தீந்துச்சு, இல்லையா?"

பாதி தீரும். 2022இல் உலகத்தில் முதன்முறையாக, பிடித்த மீனைவிட வளர்த்த மீன், இறால் வகைகளின் அளவு கூடியது. அது நல்ல செய்தி. ஆனால் அந்த மீன் எதைத் தின்று வளர்கிறது என்று கேட்க வேண்டும். சால்மன், கொடுவா, களவா எல்லாம் இறைச்சி தின்னிகள். அவற்றின் தீவனத்தில் மீன்தூளும் மீன் எண்ணெயும் இருக்கும். அந்தத் தூள் கடலில் பிடித்த சின்ன மீன்களிலிருந்து வருவது. பெரு நாட்டு நெத்திலி இனம் இந்தத் தூளுக்காகவே மலையாகப் பிடிக்கப்பட்டது. 1970இல் 1 கோடியே 20 லட்சம் டன் வரை அள்ளினார்கள், 1972இல் எல் நினோ என்ற கடல் வெப்பமும் சேர அந்த மீன் சரிந்து விழுந்தது. இப்போது தீவனத்தில் சோயா போன்றவை கூடி, மீன்தூள் குறைந்து வருகிறது. திலாப்பியா, கெண்டை, பால்கெண்டை போன்றவை பெரும்பாலும் செடி, பாசி தின்பவை, அவற்றை வளர்க்கக் கடல் மீன் அதிகம் தேவைப்படாது.

நம் ஜொகூர் நீரிணையில் மிதவைக் கூண்டு வைத்து மீன் வளர்ப்பவர்கள் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. 2015 தொடக்கத்தில் நுண்பாசி பெருகி, நூற்றுக்கணக்கான டன் மீன் சில நாள்களில் செத்து மிதந்தது. உள்ளூர் மீனை வாங்குவது அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் வழி.

"வளர்ப்பு மீன்ல மண்வாடை வருதே?"

குளத்து மீனில் சில சமயம் வரும். பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்கும் பொருளால் வரும் வாடை அது. கொஞ்சம் புளித் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். கடல் கூண்டு மீனில் பொதுவாக இருக்காது.

"நாங்க புரட்டாசி முழுக்க மீன் தொடறதில்லை. அதுவே கடலுக்குப் பண்ற புண்ணியம்தானே?"

புரட்டாசியில் தேக்காவில் மீன் பக்கம் கூட்டம் குறைவதை அப்பா வருடா வருடம் சொல்வார். விரதம் நல்லதுதான், மனக்கட்டுப்பாடும் நல்லதுதான். ஆனால் அந்த மாதம் மீன் முட்டையிடும் மாதமாக இருந்தால்தான் கடலுக்கு முழுப் பலன். அதுவும் வாங்குபவர் நிறுத்தினால் போதாது, வலையே கரையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அதைத்தான் செய்கிறார்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் நீட்டினார்கள். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. சித்திரை, வைகாசியில் ஊருக்குப் போனால் துறைமுகத்தில் படகுகள் வரிசையாக நிற்பதையும், வலை பின்னுவதையும், பலகைக்குச் சாயம் அடிப்பதையும் பார்க்கலாம். ஆகவே, ஊரிலிருந்து வரும் வஞ்சிரம் அந்த மாதங்களில் கிடைக்கவில்லை என்றால் கோபப்படாதீர்கள். செடி துளிர்க்கிறது.

"மீனைக் காப்பாத்துறோம்னு மீனவங்க வயித்துல அடிக்கலாமா?"

இதைக் கேட்டவர் இராமேசுவரம் பக்கத்துக்காரர். அவர் கண்ணில் உண்மையான வேதனை இருந்தது. மீன் போனால் முதலில் பட்டினி கிடப்பது மீனவர்தான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் என்ற மீனை நானூறு ஆண்டுக்கு மேலாகப் பிடித்துவந்தார்கள். பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து 1968இல் மட்டும் ஏறத்தாழ 8 லட்சம் டன் அள்ளின. 1992 ஜூலை 2ஆம் தேதி அரசு மீன்பிடிப்பையே மூடியது. 30,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். 32 ஆண்டு கழித்து 2024இல் மறுபடி திறந்தபோது அனுமதித்த அளவு 18,000 டன்தான். முன்பே கொஞ்சம் குறைத்திருந்தால் அத்தனை குடும்பங்களும் பிழைத்திருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாக் நீரிணையில் நம்மவர்கள் படும் துயரமும் இதே கதையின் ஒரு கிளை. மேலே சொன்ன இழுவலையான இழுவைமடியும், இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடியும் கடல் தரையைச் சுரண்டிவிட்டதால் நம் பக்கம் மீன் குறைந்தது. எல்லை தாண்டி இலங்கைப் பக்கம் போனால் அங்கே சின்னப் படகில் வாழ்பவரும் தமிழர்தான். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு, ஆழ்கடலில் ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்குவது) போட்டுச் சூரை பிடிக்கும் படகுக்கு மாற இந்தியாவில் 2017இல் மானியத் திட்டம் கொண்டுவந்தார்கள். மாறுவது மீனவருக்குச் சுலபமில்லை. கடனும் புதுத் தொழில் பயிற்சியும் வேண்டும். அந்தச் செலவை அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

"நடுக்கடல் யாருக்குச் சொந்தம்? அங்கே யாரு கேக்கிறது?"

கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டுக்கு மீன் உரிமை. இதை எழுதிய 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்பாட்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கி முடித்தவர் நம் சிங்கப்பூர்த் தூதர் டாமி கோ. அதைத் தாண்டிய பெருங்கடல், கடல் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, யாருக்கும் சொந்தமில்லை. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்த நிலைமை. பாட்டி இல்லாத கறிவேப்பிலைச் செடி.

அங்கேயும் ஓர் அட்டை தொங்கவிடும் முயற்சி நடந்தது. அதிலும் சிங்கப்பூர்க்காரர் ஒருவரே முன்நின்றார். தூதர் ரெனா லீ தலைமையில் நடந்த பேச்சு 2023 மார்ச்சில், கடைசி அமர்வு 36 மணி நேரத்துக்கு மேல் நீண்டு, ஒப்புதலில் முடிந்தது. "கப்பல் கரை சேர்ந்துவிட்டது" என்று அவர் அறிவித்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. அந்தப் பெருங்கடல் உடன்பாடு 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இனி நடுக்கடலிலும் காப்பகம் அமைக்கச் சட்ட வழி உண்டு. தீர்ந்துபோன மீனைத் துரத்தும் படகுகளுக்கு அரசுகள் பணம் கொடுப்பதைத் தடுக்கும் உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடும் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இப்படி ஒரு சின்னத் தீவின் பிள்ளைகள் கடலுக்குச் சட்டம் எழுத உதவியதைப் பள்ளிகளில் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

"ஒரு தடவை போன மீனு திரும்பி வருமா? நிஜமாவா?"

வரும். பிலிப்பீன்ஸில் ஆப்போ என்று ஒரு குட்டித் தீவு. 1982இல் ஊர்க்காரர்களே கூடிப் பேசி, கரையோரப் பாறையில் ஒரு பகுதியை மூடினார்கள், அங்கே வலையும் கூடாது, தூண்டிலும் கூடாது. சில ஆண்டுகளில் உள்ளே மீன் பெருகி வெளியே வழிந்தது, மூடிய எல்லைக்கு வெளியே தூண்டில் போட்டவர்களுக்கும் நல்ல மீன் கிடைத்தது. மெக்சிகோவின் காபோ புல்மோவிலும் மீனவக் குடும்பங்களே கேட்டு 1995இல் காப்பகம் வந்தது. 1999க்கும் 2009க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை நான்கு மடங்குக்கு மேல் கூடியது. செடியில் ஒரு கிளையைத் தொடாமல் விட்டதன் பலன் இது.

பெரிய மீனிலும் உதாரணம் உண்டு. சஷிமிக்காகத் துரத்தப்பட்ட அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை அழியும் நிலையில் இருந்தது. பிடிப்பு வரம்பைக் கடுமையாகக் குறைத்து, அதை நடைமுறையிலும் காத்ததால், 2021இல் அந்த அபாயப் பட்டியலிலிருந்து இறக்கினார்கள்.

"பிடோக் படகுத்துறையில ஞாயித்துக்கிழமை தூண்டில் போடறேன். நானும் குற்றவாளியா?"

இல்லை அண்ணே, போடுங்கள். அனுமதித்த இடத்தில் போடுங்கள். சின்ன மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விடுங்கள். உலர்ந்த கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும். அறுந்த தூண்டில் நரம்பைக் கடலில் விட்டுவிட்டு வராதீர்கள், அது வருடக்கணக்கில் ஆமையையும் நண்டையும் சுற்றிக்கொண்டே இருக்கும். சிஸ்டர்ஸ் தீவுகள் நம் முதல் கடல் பூங்கா, 2014இல் அறிவித்தது. அங்கே தூண்டில் வேண்டாம், கண்ணால் மட்டும் பாருங்கள்.

"நான் ஒருத்தி வாங்காம விட்டா என்ன ஆகப்போகுது? கடல்ல கரைச்ச பெருங்காயம்தானே?"

இந்தக் கேள்விக்கு எங்கள் கடையில் நடந்ததைத்தான் சொல்வேன். மேலே சொன்ன கை அளவை நான் விடுமுறை நாள்களில் கடையில் நின்று, வரும் அக்காமாருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, வியாபாரம் கெடும் என்று முணுமுணுத்தார். மெல்ல மெல்ல சிலர் மீன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சின்னதை ஒதுக்கிப் பெரியதைக் கேட்க ஆரம்பித்தார்கள். சின்னக் கெம்போங் சாயங்காலம் வரை ஐஸில் கிடந்தது.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஜூரோங்கில் அப்பாவோடு நின்றேன். மொத்த வியாபாரி வழக்கம் போல் இரண்டு பெட்டி சின்னக் கெம்போங்கை எங்கள் பக்கம் தள்ளினார். அப்பா வேண்டாம் என்றார். ஏன், மீன் கெட்டுப்போயிருக்கிறதா என்று அவர் கேட்டார்.

"மீன் நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. "என் கடைக்கு வர்ற அஞ்சாறு பொம்பளைங்க இப்போ கையை வச்சு அளக்கறாங்க."